ஆறாயிரம் நாற்காலிகளும் ஒரு மைக்கும்

நியூயார்க்கில் பிராட்வே சென்ட்ரல் என்றொரு ஓட்டல் இருந்தது. ஒருகாலத்தில் ஓகோவென்று வாழ்ந்து, பிறகு நொடித்துப்போன பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். 1973 ஆகஸ்டில் ஒருநாள் அது சரிந்து தெருவில் விழுந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1965 கோடையில், காமிக்ஸ் ரசிகர்கள் இரண்டு நாள் அங்கே கூடினார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூடத்தையோ கல்லூரியையோ தாண்டாத பையன்கள். பழைய இதழ்களை வாங்குவதும் விற்பதும் மாற்றிக்கொள்வதும்தான் வந்த வேலை. நடுவே ஒரு மேசையைப் போட்டு, அதுவரை பெயராக மட்டுமே தெரிந்த சில பெரியவர்களை உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். கேப்டன் மார்வெல் கதைகளை எழுதிக் குவித்த ஆட்டோ பைண்டர், ஃப்ளாஷை உருவாக்கிய கார்ட்னர் ஃபாக்ஸ், சூப்பர்மேன் இதழ்களின் ஆசிரியர் மார்ட் வைசிங்கர். இவர்களோடு பில் ஃபிங்கர் என்றொருவரும் இருந்தார்.

ஃபிங்கரை அங்கே பலருக்கும் தெரியாது. தெரிய வழியில்லை. பேட்மேன் கதைகளின் முதல் பக்கத்தில் அன்று அச்சான பெயர் ஒன்றே ஒன்று: பாப் கேன். தன் பெயர் மட்டுமே வரும்படி பதிப்பகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர் அவர். ஆனால் 1939இல் கேன் முதலில் வரைந்து காட்டிய உருவம் சிவப்பு உடையும், விறைத்த இறக்கைகளும், கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடியுமாக இருந்தது. முகத்தின் மேல்பாதியை மூடும் கவசம், காதுகள், கருவிழி தெரியாத வெள்ளைக் கண்கள், இறக்கைக்குப் பதிலாகத் தொங்கும் அங்கி, சாம்பல் நிறம், புரூஸ் வேன் என்ற பெயர், காதம் என்ற நகரம் எல்லாம் ஃபிங்கரின் யோசனை. முதல் கதையை எழுதியவரும் அவர்தான். கூட்டத்துக்கு வந்திருந்த ஜெர்ரி பெய்ல்ஸ் இதைக் கேட்டுக்கொண்டார். டெட்ராய்டின் வேன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 'ஆல்ட்டர் ஈகோ' என்ற ரசிகர் இதழைத் தொடங்கியவர். (புரூஸ் வேனின் குடும்பப் பெயரும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் வந்தது ஒரே ஆளிடமிருந்து: அமெரிக்க விடுதலைப் போரின் தளபதி ஆன்டனி வேன். எழுதினால் ஜோடனை என்பார்கள், ஆனால் உண்மை.) பெய்ல்ஸ் ஃபிங்கரைச் சந்தித்துப் பேசி இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை எழுதி ரசிகர்களிடையே சுற்றுக்கு விட்டார்.

கேனுக்குக் கோபம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 'பேட்மேனியா' என்ற ரசிகர் இதழுக்கு நீண்ட கடிதம் எழுதினார். பேட்மேனைப் படைத்தவன் நான் ஒருவனே, ஃபிங்கர் மிகைப்படுத்துகிறார் என்பது அதன் சாரம். ஃபிங்கர் 1974இல், கையில் காசில்லாத நிலையில், இறந்தார். கேன் 1989இல் தன் வரலாற்றை எழுதியபோது, நண்பன் உயிரோடிருந்தபோதே அவனுக்குரிய பெயரைக் கொடுத்திருக்கலாம் என்ற வருத்தத்தைப் பதிவு செய்தார். பேட்மேனின் பதிப்பகமான டிசி நிறுவனம் ஃபிங்கரின் பெயரைச் சேர்ப்பதாக அறிவித்தது 2015 செப்டம்பரில். அந்த மேசைக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே ஐம்பது ஆண்டுகள்.

காமிக்ஸ் மாநாட்டுப் பேனல்களைப் பற்றிப் பேச வந்தவன் இந்தக் கதையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இன்று பேனல் என்றதும் நினைவுக்கு வருவது பிரம்மாண்டமான அரங்கம், நட்சத்திரங்கள், காது கிழியும் கூச்சல், புதுப்பட முன்னோட்டம். அது பிற்பாடு ஏறிய வேஷம். பெயர் அச்சாகாத தொழிலாளர்கள் தங்கள் வேலையைப் பற்றித் தங்கள் வாயாலேயே சாட்சி சொல்லிய இடமாகத்தான் பேனல் பிறந்தது. அந்தப் பழைய வேலை இன்னும் சாகவில்லை என்பதும், அது உயிரோடிருப்பது மேடையில் அல்ல, நடைபாதையில் நிற்கும் ஒற்றை மைக்கில் என்பதும் என் எண்ணம்.

பேனலின் அமைப்பு எளிமையானது. துணி விரித்த நீள மேசை, தண்ணீர்ப் பாட்டில்கள், பெயர் அட்டைகள், நான்கைந்து பேர், ஓரத்தில் ஒரு நெறியாளர். பெரும்பாலும் ஒரு மணி நேரம். முக்கால் பங்கு மேடைக்கு, மீதி கேட்பவர்களுக்கு. நம் பட்டிமன்றத்தோடு ஒப்பிடத் தோன்றும், ஆனால் ஒட்டாது. பட்டிமன்றத்தில் இரண்டு அணி உண்டு, கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். பேனலில் தீர்ப்பு கிடையாது. நெறியாளர் திறமைசாலியாக இருந்தால் தான் இருப்பதே தெரியாமல் பார்த்துக்கொள்வார். திறமையில்லாதவர் முதல் பத்து நிமிடத்தைத் தன்னைப் பற்றியே பேசித் தீர்ப்பார். அறிவியல் புனைகதை ரசிகர்களிடமிருந்து வந்த பழக்கம் இது. அவர்கள் 1939இலேயே நியூயார்க்கில் உலக மாநாடு நடத்தியவர்கள். எழுத்தாளரும் வாசகரும் ஒரே கூடத்தில், ஏறக்குறைய ஒரே தரையில் என்ற மனப்பான்மையும் அங்கிருந்து வந்ததே. காமிக்ஸில் அதற்குக் கூடுதல் தேவை இருந்தது. நாவலின் அட்டையில் எழுதியவர் பெயர் இருக்கும். பத்து சென்ட் காமிக்ஸில் யார் எழுதினார், யார் பென்சிலில் வரைந்தார், யார் மையிட்டார் என்பது பெரும்பாலும் இருக்காது. கோட்டின் போக்கைப் பார்த்தே கையை அடையாளம் காணும் ரசிகர்கள் இருந்தார்கள். அவர்கள் ஊகம் சரியா தப்பா என்று சொல்ல ஒரு மனிதர் நேரில் வர வேண்டியிருந்தது.

சான் டியேகோ காமிக்-கான் இந்தத் தேவையிலிருந்து வந்தது. டெட்ராய்டில் ரசிகர் கூட்டங்களில் பழகிய ஷெல் டார்ஃப் சான் டியேகோவுக்குக் குடிவந்து, உள்ளூர்ப் பையன்கள் சிலரோடு சேர்ந்து 1970 மார்ச்சில் யூ.எஸ். கிரான்ட் ஓட்டலின் அடித்தளத்தில் ஒருநாள் ஒத்திகை பார்த்தார். ஆகஸ்டில் அதே ஓட்டலில் மூன்று நாள் மாநாடு. வந்தவர்கள் சுமார் முந்நூறு பேர். விருந்தினர்கள் ஜாக் கிர்பியும் ரே பிராட்பரியும். கேப்டன் அமெரிக்காவை ஜோ சைமனோடும், ஃபென்டாஸ்டிக் ஃபோரை ஸ்டான் லீயோடும் உருவாக்கிய கிர்பி அந்தச் சமயம் மார்வெலை விட்டு விலகி டிசிக்குப் போயிருந்தார். விலகியதற்கு முதல் காரணம் பணமும் பெயரும். முந்நூறு பேர் முன்னால் அப்படிப்பட்ட ஒருவர் பேசினார் என்றால், கேட்டவர்கள் ஒவ்வொருவரும் அதை ஆயுளுக்கும் சுமந்திருப்பார்கள். சுமந்தார்கள் என்பதற்குச் சாட்சி உண்டு. அவரைப் பற்றிப் பிறகு.

முதல் திருப்பம் 1976இல். சார்லஸ் லிப்பின்காட் என்ற விளம்பர அதிகாரி, இன்னும் முடியாத ஒரு படத்தின் ஸ்லைடுகளோடு சான் டியேகோவுக்கு வந்தார். கூடவே மார்வெலின் ராய் தாமஸும் ஓவியர் ஹோவர்ட் சேக்கினும். சேக்கின் வரைந்த போஸ்டரையும் விற்றார்கள். படத்தின் பெயர் 'ஸ்டார் வார்ஸ்'. திரைக்கு வர இன்னும் பத்து மாதம் இருந்தது. ஊர்பேர் தெரியாத ஒரு படத்துக்கு முதல் விசுவாசிகளை எங்கே தேடலாம் என்று லிப்பின்காட் கணக்குப் போட்டிருந்தார், கணக்குத் தப்பவில்லை. ஆனால் நமக்கு இங்கே முக்கியமானது வேறு. செய்துமுடித்த வேலையைப் பற்றிச் சொல்லும் இடமாக இருந்த மேடை அன்று முதன்முறையாக வரப்போகும் சரக்கைக் காட்டும் இடமானது. சாட்சி சொல்பவர் கடந்த காலத்தைப் பேசுவார், சரக்கு விற்பவர் எதிர்காலத்தை. அந்த இரண்டு காலங்களும் ஒரே மேசையில் இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன.

மாநாடு 1991இல் கடலோரத்தில் கட்டப்பட்ட பெரிய மாநாட்டு மையத்துக்கு மாறியது. இப்போது ஆண்டுக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். மையத்தின் ஒரு கோடியில் உள்ள ஹால் எச் 2004 முதல் பேனல்களுக்குத் திறக்கப்பட்டது. ஆறாயிரத்துக்கும் அதிகமான நாற்காலிகள். மாநாட்டின் நுழைவு அட்டை கையில் இருந்தால் எந்தப் பேனலுக்கும் தனியாகக் கட்டணம் கிடையாது, பெயர்ப் பதிவும் கிடையாது. முந்தி வந்தவருக்கு முதல் இடம். கேட்க நியாயமாக இருக்கும் இந்த விதியோடு இன்னொன்றும் சேர்கிறது: ஒரு பேனல் முடிந்ததும் அரங்கத்தைக் காலி செய்வதில்லை. உள்ளே போனவர் எழுந்து வெளியே வராதவரை அந்த நாற்காலி அவருடையது.

இந்த இரண்டு விதிகளும் சேர்ந்து என்ன செய்யும் என்று பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம்பிடித்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாலை ஐந்து மணிப் பேனலுக்காகக் காலை பத்து மணிக்கே உட்கார்ந்துவிடுவார்கள். அதற்காக முந்தின இரவு புல்தரையில் படுத்துக்கிடப்பார்கள். இரவெல்லாம் காத்திருந்தவரை விடியற்காலையில் ஒருவர் முந்திவிடாமல் இருக்கப் பிற்பாடு கைப்பட்டை முறை வந்தது. வரிசையில் அண்டை அயலாரோடு சிநேகம் உண்டாகும், கழிவறைக்குப் போகும்போது பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், பீட்சாவைப் பகிர்வார்கள். எப்போதும் அப்படியே இருந்துவிடாது. 2010இல் ஹால் எச்சுக்குள்ளேயே இடத்தகராறில் ஒருவர் இன்னொருவரைக் கண்ணருகில் பேனாவால் குத்தினார். அடுத்த பேனல் தாமதமானது.

துண்டு போடும் இந்த ஏற்பாட்டில் யாரும் திட்டமிடாத ஒரு விளைவு உண்டு. தனக்குச் சம்பந்தமில்லாத மூன்று பேனல்களை ஒருவர் கேட்டே தீர வேண்டியிருக்கிறது. ஹால் எச்சில் இது பெரிய லாபமில்லை. ஒரு விளம்பரத்துக்குக் காத்திருக்கும்போது மூன்று விளம்பரம் கேட்கலாம், அவ்வளவே. ஆனால் மேல்தளத்துச் சிறு அறைகளில் பிரபலமான கார்ட்டூன் தொடருக்காக இடம்பிடித்த இளைஞர், எண்பது வயது மையோவியர் ஒருவர் தூரிகை பிடித்த கதையைக் கேட்க நேர்கிறது. பாதி நேரம் கைபேசியைப் பார்ப்பார். ஆனாலும் காது திறந்தேதான் இருக்கும்.

ஹால் எச்சின் மேடை மொழி எனக்குச் சலிப்பூட்டுகிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2020இல் பெருந்தொற்றால் மாநாடு ஐம்பது ஆண்டு வரலாற்றில் முதன்முறையாக நின்றுபோய், முன்பே பதிவு செய்த பேனல்களை யூடியூபில் இலவசமாக விட்டார்கள். வீட்டில் அடைபட்டுக் கிடந்த நாட்களில் அவற்றில் பலவற்றைப் பார்த்தேன். கூச்சலும் இருட்டும் திரையும் இல்லாதபோது நட்சத்திரப் பேனலில் மிஞ்சுவது என்ன என்பது அப்போதுதான் வெட்டவெளிச்சமானது. இயக்குநர் தொலைநோக்கு உடையவர், சக நடிகர்கள் குடும்பம் போல, கதையைச் சொன்னால் என்னைக் கொன்றுவிடுவார்கள். மூன்று வாக்கியங்களைச் சுற்றிச் சுற்றி ஐம்பது நிமிடம். இதற்கு ஆறாயிரம் பேர் இரவெல்லாம் காத்திருந்தது பேச்சைக் கேட்க அல்ல, முதலில் பார்த்தவராக இருக்க. அந்த 'முதலில்' இப்போது சில நிமிடங்கள்கூட நிற்பதில்லை. 2015இல் அரங்கத்துக்குள் மட்டும் காட்டிய 'சூசைட் ஸ்குவாட்' முன்னோட்டத்தை யாரோ கைபேசியில் பிடித்து வெளியிட, வேறு வழியில்லாமல் வார்னர் நிறுவனமே தரமான பிரதியை இணையத்தில் விட்டது. எல்லோருக்கும் கிடைத்துவிடும் ஒன்றுக்காக ஏன் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ரசிகர்களிடம் பதில் இருக்கிறது. முதல் நாள் முதல் காட்சிக்கு விடியற்காலையில் தியேட்டர் வாசலில் நின்ற யாரும் அதைப் புரிந்துகொள்வார்கள். நானும் புரிந்துகொள்கிறேன். ஆனால் அதை உரையாடல் என்று சொல்ல வாய் வரவில்லை.

அதே வீட்டுப் பதிப்பில் இன்னொன்றும் தெரிந்தது. நல்ல பேனல்களும் ஏதோ குறைபட்டே இருந்தன. முன்பதிவு என்பதால் கூட்டத்திலிருந்து கேள்வி இல்லை. ஓவியர்கள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். மறித்துக் கேட்க ஆளில்லை.

மறித்துக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2011ஐப் பார்க்கலாம். டிசி நிறுவனம் தன் இதழ்களையெல்லாம் மூட்டை கட்டிவிட்டுச் செப்டம்பரில் 52 புதிய இதழ்களை முதல் எண்ணிலிருந்து தொடங்கப்போவதாக அறிவித்திருந்தது. ஜூலையில் சான் டியேகோவில் அதைக் கொண்டாடும் பேனல்கள். மேடையில் புன்னகை, திரையில் அட்டைப் படங்கள். கேள்வி நேரத்தில் ஒரு ரசிகர் எழுந்தார்: உங்கள் படைப்பாளர்களில் பெண்கள் 12 சதவீதம் இருந்தார்கள், புதிய பட்டியலில் ஒரு சதவீதம்தான் இருக்கிறார்கள், ஏன்? யாரை எடுத்திருக்க வேண்டும், சொல்லுங்கள் என்று மேடையிலிருந்து எதிர்க்கேள்வி பாய்ந்தது. கூட்டத்திலிருந்து பெயர்கள் வந்து விழுந்தன. இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பேட்கேர்ல் உடை அணிந்து வந்திருந்த ஒரு பெண், மாநாடு நடந்த நாட்களில் டிசியின் ஒரு பேனல் விடாமல் போய் மைக் வரிசையில் நின்றார். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே கேள்வி: பெண் பாத்திரங்கள் எங்கே, பெண் படைப்பாளர்கள் எங்கே? கூட்டத்தில் சிலர் முனகினார்கள், சிலர் கைதட்டினார்கள். மேடையில் இருந்தவர்களுக்கு அந்த முகமூடி தூரத்திலிருந்தே அடையாளம் தெரியத் தொடங்கியது.

காட்சியாக யோசித்துப் பாருங்கள். நிறுவனம் உரிமை வைத்திருக்கும் பாத்திரத்தின் உடையைப் போட்டுக்கொண்டு வந்து, அந்தப் பாத்திரத்தின் சார்பாகவே நிறுவனத்திடம் கணக்குக் கேட்கிறார் ஒரு வாசகி. கற்பனைப் பாத்திரம் எழுந்து வந்து முதலாளியிடம் நியாயம் கேட்பது போன்றது அது. மாநாடு முடிந்த ஒரு வாரத்துக்குள் டிசியின் இரு பதிப்பாளர்களும் இந்தக் கவலை தங்கள் காதில் விழுந்தது என்று கையெழுத்திட்டு அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. ஒரே அறிக்கையில் உலகம் மாறிவிடவில்லை. ஆனால் கடிதமாக எழுதியிருந்தால் குப்பைக்கூடைக்குப் போயிருக்கக்கூடிய கேள்வியை ஆயிரம் பேர் முன்னால் மைக்கில் கேட்டபோது தள்ளிவிட முடியவில்லை. கேள்விக்கு ஆயிரம் பேர் சாட்சி.

மைக் வரிசையை இலட்சியமயமாக்கவும் கூடாது. அங்கே நிற்பவர்களில் பெரும்பாலோர் கேள்வி கேட்க வருவதில்லை. "உங்கள் பரம ரசிகன்" என்று தொடங்கித் தன் சுயசரிதையைச் சொல்லி, கடைசியில் கேள்வியை மறந்துபோகிறவர்கள் உண்டு. தன்னுடைய கதைப்பிரதியை மேடையில் நீட்டுகிறவர்கள் உண்டு. 137ஆம் இதழின் ஒன்பதாம் பக்கத்தில் அங்கியின் நிறம் ஏன் மாறியது என்று கேட்பவர் உண்டு. இந்தக் கடைசி ஆளை நான் கேலி செய்யமாட்டேன். சில சமயம் அந்த நிற மாற்றத்துக்குப் பின்னால் ஓவியரை வேலையைவிட்டு அனுப்பிய கதை இருக்கும்.

இப்போது, கிர்பியைப் பற்றிச் சொன்னபோது பிறகு என்று ஒத்திவைத்த அந்தச் சாட்சி. மார்க் எவனியர் சான் டியேகோவுக்கு 1970இலிருந்து வந்துகொண்டிருப்பவர். இளைஞராக இருந்தபோது கிர்பியின் உதவியாளர். ஒவ்வோர் ஆண்டும் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட பேனல்களுக்கு அவரே நெறியாளர். அவற்றில் ஒன்று 'குயிக் டிரா'. மூன்று கார்ட்டூனிஸ்டுகள், ஆளுக்கொரு காகிதம், கை நகர்வது அப்படியே தலைக்கு மேலே பெரிய திரையில் விழும்படி புரொஜெக்டர். எவனியர் ஏதாவது கோக்குமாக்கான தலைப்பைச் சொல்வார், அல்லது கூட்டத்தைக் கேட்பார். 'மேட்' இதழின் ஓரங்களில் பொடிப்பொடியாக வரைந்து புகழ்பெற்ற செர்ஹியோ அரகோனஸ் கலந்துகொண்ட ஆண்டுகளில், சொல்லி முடிப்பதற்குள் அவர் பேனா ஓடத் தொடங்கியிருக்கும். முதலில் எதற்கென்று தெரியாத ஒரு வளைவு, பிறகு மூக்கு, அரங்கம் சிரிக்கத் தொடங்கும்போது அவர் பின்னணியில் ஓடும் நாயை வரைந்துகொண்டிருப்பார். வேறு எந்தக் கலைக்கும் மேடையில் இதைச் செய்துகாட்ட வழியில்லை. நாவலாசிரியர் எழுதுவதை உட்கார்ந்து பார்த்தால் தூக்கம் வரும்.

எவனியரின் உண்மையான பங்களிப்பு பழைய ஆட்களை வைத்து அவர் நடத்தும் பேனல்கள். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வேலை செய்த ஓவியர், எழுத்தாளர், எழுத்துருக் கலைஞர் ஆகியோரைத் தேடிப்பிடித்து உட்காரவைத்து, பக்கத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள், காசோலையின் பின்பக்கத்தில் என்ன அச்சிட்டிருந்தது, மூலப்படங்களை என்ன செய்தார்கள் என்று கேட்பார். காசோலைக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. பல நிறுவனங்கள் காசோலையின் பின்புறத்தில் உரிமை முழுவதையும் விட்டுக்கொடுப்பதாக வாசகம் அச்சிட்டிருக்கும். கையெழுத்திட்டால்தான் வங்கியில் பணமாகும். இப்படி வந்த உரையாடல்களை ஒலிநாடாவில் பிடித்து, எழுத்தாக்கி, 'ஜாக் கிர்பி கலெக்டர்' போன்ற ரசிகர் இதழ்கள் வெளியிட்டன. அமெரிக்கக் காமிக்ஸ் தொழிலின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தப் பிரதிகளைத் தொடாமல் எழுத முடியாது. நிறுவனங்கள் தங்கள் கோப்புகளை வெளியே விடுவதில்லை. பலவற்றை வைத்திருக்கவும் இல்லை. 1992இல் பீட்டர் கூகனும் ராண்டி டங்கனும் தொடங்கிய காமிக்ஸ் ஆய்வு மாநாடு அதே கட்டடத்தின் மேல்தளத்தில், ஹால் எச்சின் சத்தம் எட்டாத அறையில் நடக்கிறது. பேராசிரியர் கட்டுரை வாசிக்கும்போது அந்தக் கட்டுரைக்குப் பொருளானவரே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடிய கல்விக் கருத்தரங்கம் உலகில் வேறு எத்தனை இருக்கும்?

ஆனால் வாய்மொழிச் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம்? இந்தக் கேள்வி ஒருமுறை நீதிமன்றத்துக்கே போனது. கிர்பி 1994இல் இறந்தார். 2009இல் அவருடைய பிள்ளைகள், 1958 முதல் 1963 வரை அவர் வரைந்த மார்வெல் பாத்திரங்களின் உரிமையைத் திரும்பப் பெற அறிவிக்கை அனுப்பினார்கள். வழக்கு வந்தது. கிர்பி குடும்பத்தின் தரப்பில் நிபுணர்களாக எவனியரும், 'கலெக்டர்' இதழின் ஜான் மாரோவும் அறிக்கை கொடுத்தார்கள். பல்லாண்டுக் காலம் பேசிக் கேட்டுத் திரட்டிய அறிவு அது. நியூயார்க் நீதிமன்றம் 2011இல் அந்த அறிக்கைகளை ஏற்க மறுத்தது. அடுத்தவர் சொல்லக் கேட்டது சாட்சியம் ஆகாது, நேரில் கண்டவர் சொல்ல வேண்டும் என்பதே அதன் அடிப்படை. மேல்முறையீட்டிலும் அந்த விலக்கல் நின்றது. ஸ்டான் லீ உயிரோடிருந்தார், நேரில் கண்டவர், சாட்சி சொன்னார். கிர்பி போய்விட்டார்.

சட்டத்தின் பார்வையில் அது சரியாகவே இருக்கலாம். நினைவு பொய் சொல்லும். முப்பது மாநாட்டில் சொன்ன கதை முப்பத்தொன்றாம் தடவை இன்னும் மெருகேறி வரும். கிர்பியே வயதான காலத்தில், தான் செய்யாததையும் செய்ததாகச் சில பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருடைய ஆதரவாளர்களே ஒப்புக்கொள்வார்கள். நல்ல நெறியாளர் அதனால்தான் ஒரே மேசையில் இரண்டு பேரை உட்காரவைக்கிறார். ஒருவர் சொல்வதற்கு மற்றவர் புருவத்தை உயர்த்தினால் அதுவும் ஒரு குறிப்பு. எழுத்துப் பிரதியில் அந்தப் புருவம் வராது. பேனலுக்கு நேரில் போனவனுக்கு மட்டும் கிடைக்கும். நீதிமன்றம் ஏற்காத சாட்சியம் வேறு இடத்தில் வேலை செய்தது. தொழிலின் மனசாட்சியில் என்று எழுதினால் மிகையாகும். ரசிகர்களின் கருத்தில் என்று வைத்துக்கொள்வோம். 2014 செப்டம்பரில், உச்ச நீதிமன்றம் வழக்கை எடுப்பதா என்று முடிவு செய்யவிருந்த நேரத்தில், இரு தரப்பும் சமாதானமாயின. அதன் பிறகு மார்வெல் இதழ்களில் கிர்பியின் பெயர் படைப்பாளராக வருகிறது.

ஹால் எச்சும் ஒருமுறை மாறுவேடம் கலைந்து நின்றது. 2023 ஜூலையில் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் ஒரே சமயத்தில் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். நடிகர்கள் படத்தை விளம்பரப்படுத்தக் கூடாது என்பது சங்கத்தின் கட்டளை. பெரிய ஸ்டுடியோக்கள் வரவில்லை. அந்த வெற்றிடத்தில் ஏறிய பேனல்களில் ஒன்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது: 'ப்ராஜெக்ட் கே' என்று அதுவரை அழைக்கப்பட்ட தெலுங்குப் படத்துக்காக இயக்குநர் நாக் அஸ்வின், பிரபாஸ், ராணா ஆகியோரோடு கமல்ஹாசனும் மேடையேறினார். 'கல்கி 2898 ஏடி' என்ற தலைப்பு அங்கேதான் அறிவிக்கப்பட்டது. அதே படத்தில் நடித்த தீபிகா படுகோன் அமெரிக்க நடிகர் சங்க உறுப்பினர் என்பதால் வரவில்லை. தமிழ்ச் செய்திகளில் இது பெருமையாக வந்தது. மற்றவர்கள் தங்கள் உழைப்புக்குக் கூலியும் உரிமையும் கேட்டு வெளியே நின்றதால் காலியான மேடை அது என்பதையும் சேர்த்து எழுதியவர்கள் குறைவு.

தமிழுக்கும் இந்தக் கதையில் பழைய பங்கு ஒன்று உண்டு. 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு பிறந்தது. பிரிட்டிஷ் வார இதழ் 'வேலியன்ட்'டில் வந்த தொடர் அது. அந்தக் கால பிரிட்டிஷ் இதழ்களுக்கு எழுதியவர், வரைந்தவர் பெயரை அச்சிடும் வழக்கமில்லை. மாயாவியின் மின்சாரம் பாயும் விரல்களை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர் என்பது நம் வாசகர்களுக்கு எட்டப் பல ஆண்டுகள் ஆயின. ஒரு தலைமுறையே அவருடைய கறுப்பு வெள்ளை நிழல்களில் கண் விழித்து, அவர் பெயர் தெரியாமல் வளர்ந்தது. ஃபிங்கருக்கு நடந்தது இங்கே வேறொரு மொழியில், வேறொரு கடல் தாண்டி நடந்தது.

லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி ஆகஸ்டில் கூடுவதுண்டு. அந்த இதழ்களின் ஆசிரியர் விஜயன் முன்னால் உட்காருவார், வெளியூர்களிலிருந்து பஸ்ஸும் ரயிலும் பிடித்து வந்தவர்கள் கேட்பார்கள். டெக்ஸ் வில்லருக்கு இத்தனை இதழ் எதற்கு, கேப்டன் டைகரை ஏன் ஓரங்கட்டினீர்கள், மாயாவியை இன்னும் எத்தனை தடவை மறுபதிப்புப் போடுவீர்கள் என்பன தீராத வழக்குகள். விற்பனை என்னவென்று தெரிந்தவர் பதில் சொல்கிறார். வாசித்து வளர்ந்தவர்கள் விடாமல் மறுக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கத்தில் சென்னையின் முதல் காமிக்-கான் நடந்தபோது அதைப் பெரிய தொடக்கம் என்றார்கள். அளவில் அது பெரியதுதான். 1965இல் பிராட்வே சென்ட்ரலில் நடந்ததற்கு நெருங்கிய உறவு ஈரோட்டுக் கூடம்தான் என்பேன்.

சான் டியேகோவில் ஞாயிற்றுக்கிழமை காலை, பெரும்பாலோர் முந்தின இரவின் களைப்பில் தாமதமாக எழும் நேரத்தில், எவனியர் கிர்பி நினைவுப் பேனலை நடத்துவார். கிர்பியின் பக்கங்களுக்கு மையிட்டவர்களும், அதே பதிப்பகத்தில் வரைந்தவர்களும் முன்பெல்லாம் மேடையை நிறைத்தார்கள். இப்போது கிர்பி வீட்டுக் கதவைப் பையன்களாகத் தட்டி, உள்ளே அழைக்கப்பட்டு, அவர் மனைவி ரோஸ் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் உட்காருகிறார்கள். அவர்களுக்கும் தலை நரைத்துவிட்டது. பேச்சைத் தொடங்குமுன் எவனியர் கூட்டத்தைப் பார்த்து, ஜாக்கை நேரில் சந்தித்தவர்கள் யாராவது உண்டா என்று தேடி, எழுந்து நிற்கச் சொல்வார்.